பூவம்மா கேட்ட பறவை

செவுத்துல ஒண்ணும் கொற இல்ல மேடம். செவுரு நல்லாத்தான் கீது. போன தபா வந்தப்போ உப்பு பூத்துகினு கீது, பெயிண்ட் நிக்காதுன்னு சொன்னேன். அதுக்கு முன்ன வந்தப்போ மய முடியட்டும்னு சொன்னேன். நீங்களும் ஒரு வார்த்த சலிச்சிக்காம, நேத்து நான் போன் பண்ணதும் இன்னிக்கே அடையாறுலேர்ந்து எண்ணூருக்கு ரெண்டு பஸ்ஸு மாறி வந்து கீறீங்க. ஆட்டோவா? எதுவா இருந்தா இன்னா, தூரம் தூரந்தான். குந்துங்க. அந்தச் சேரு வாணாம், அதுக்கு ஒரு கால் ஊனம், என்ன மாதிரி. இந்த பெயிண்ட் டப்பாவ கமுத்திப் போடறேன், இதுல குந்துங்க. காஞ்சிதான் கீது, சேலைல ஒட்டாது.

நீங்க கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல, அது எனக்கே தெரியுது. ஸ்கூல் காம்பவுண்டு செவுத்துல ரமா படம். அது கைல அந்தக் கூழக்கடாப் பறவ. பெரிய டீச்சர் கையெய்த்து போட்டுக் குட்த்துட்டாங்க. பெயிண்டு, சாரம் அல்லாம் ஒங்க டிரஸ்ட்டு குடுக்குது. நான் கோடு போட்டா போதும், கலர பசங்க அடிச்சிடுவாங்க. அந்தப் புள்ள மொகம் எனக்கு ஒண்டிதான் கைல வரும்னு யாரோ ஒங்களாண்ட சொல்லிக் கீறாங்க. நெசந்தான். கண்ண மூடிகினு போடுவேன். நெத்தி ஓரத்துல அம்ம போட்ட தயும்பு ஒண்ணு கீது, அது மொதக்கொண்டு வரும்.

பயமா? சாரம் ஏற எனக்கு இன்னா பயம் மேடம். இருவத்திரெண்டு வருசம் கப்பலுக்கு வெளிய தொங்கிகினு கெடந்தவன் நான். ஹார்பர்ல காண்ட்ராக்ட் பெயிண்டரு. சவரிநாதன்னு சொன்னா அங்க இன்னிக்கும் பயய ஆளுங்களுக்குத் தெரியும். ரெண்டு கவுறு, ஒரு பலக. அதுல குந்திகினு மொதல்ல சுத்தியால துருவக் கொட்டி எறக்கணும், அப்பாலதான் பிரஷ்ஷு. படம் எங்க கத்துகினேன்னு கேட்டீங்களே, அங்கதான். துருவுலதான். உப்புத் தண்ணி பட்ட இரும்புல துரு ஒரு தினுசா பரவும். உத்துப் பாத்துகினே இருந்தா அதுல ஒரு ஆளு மொகம் தெரியும், ஒரு மாடு தெரியும், ஒரு பொம்பள முதுகு தெரியும். தட்டறதுக்கு முன்ன ஒரு நிமிசம் அத்தப் பாத்துப்பேன். அப்பால தட்டிடுவேன், போய்டும். சோத்து நேரத்துல அட்டப் பொட்டி மேல சாக்கட்டியால அத்தயே திருப்பிப் போட்டுப் பாப்பேன். எவனும் சொல்லிக் குடுக்கல. ஒரு தபா வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருத்தன் மேலேர்ந்து எட்டிப் பாத்துட்டு, கீய எறங்கி வந்து அந்த அட்டய எட்த்துகினு, பதிலுக்கு ஒரு கலரு பொட்டிய என் கைல குட்த்துட்டுப் போனான். பன்னண்டு ட்யூபு. என் பேரு கூட கேக்கல. அன்னிக்கு வூட்ல மஞ்சாவும் நீலமும் பக்கத்துல பக்கத்துல வெச்சேன், தெரியாம வெரலு பட்டு ரெண்டும் கலந்து பச்சையாயிடிச்சி. எனக்கு அப்போ முப்பத்திரெண்டு வயசு. மஞ்சாவும் நீலமும் சேந்தா பச்சன்னு ஒலகத்துக்கே தெரியும், எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். குந்தி அயுதேன் மேடம். சிரிக்காதீங்க.

அப்பால ஒரு நாளு கவுறு அறுந்திச்சி. தண்ணில வுயுந்திருந்தா தப்பிச்சிருப்பேன், கப்பல் கட்டற ஜெட்டி கல்லு மேல வுயுந்தேன். இடுப்பெலும்பு போச்சி, வேலையும் போச்சி. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் ஆவல எனக்கு. எங்க அக்கா ஹில்டாதான் ராயபுரத்துலேர்ந்து இங்க சுனாமி கோட்ரஸ்ல அவங்க வூட்டுக்கு இட்டுகினு வந்திச்சி. மூணாவது மாடி. இந்த இடுப்ப வெச்சிகினு பத்து தபா ஏறி எறங்க முடியுமா? பகலு முயுக்க இங்கதான், இந்த மாடிப்படிக்கு அடில குந்திகினு கெடப்பேன். சும்மா கெடக்க முடியாம செவுத்துல டி பிளாக்குன்னு எய்த்து போட்டேன். அத்தப் பாக்க நாலு புள்ளைங்க வந்து நின்னுதுங்க. மறுநாளு பத்து. அப்டியே ஆரம்பிச்சதுதான். நான் வாத்தியாரு இல்ல, நாலாவதுக்கு மேல படிக்கல. ஆனா ஸ்கூல்ல டிராயிங் டீச்சரே கெடையாது, அதனால பெரிய டீச்சரு வெள்ளிக்கெயம ஸ்கூலாண்டயே வந்து சொல்லிக் குடுங்கன்னாங்க. சனிக்கெயம மணலி புதுநகர்ல ஒரு ஸ்கூலு. ஞாயித்துக்கெயம இங்க. கோலு ஊணிகினு பஸ்ஸு ஏறிப் போவேன். அந்த மூணு நாளுக்காவத்தான் மிச்ச நாலு நாள ஓட்டுவேன்.

ஸ்கூல்ல மொத நாளு, இன்னா தோணுதோ வரைங்கன்னு பேப்பர் குட்த்தேன். முப்பது புள்ளைங்க. அல்லாம் ரெண்டு மல, நடுவுல சூரியன், கீய ஒரு ஆறு, ஒரு குடிச, ஒரு தென்ன மரம். எங்க ஏரியால மல எங்கம்மா கீதுன்னு கேட்டேன். ஒரு புள்ளயும் மலயப் பாத்ததில்ல. ஒண்ணே ஒண்ணு ஒண்டி வேற மாதிரி போட்டிருந்திச்சி. செவப்பு வெள்ள பட்ட போட்ட பொக கூண்டு, அதுக்கு முன்னாடி கொடில காயற நைட்டி. நைட்டிய வுட பொக கூண்டு சின்னது. ஏன்டி இம்மாஞ் சின்னதா போட்டுக் கீறேன்னேன். அது தூரத்துல கீது மாமா, எங்கம்மா நைட்டி கிட்டக்க கீதுன்னு சொல்லிச்சி. ஒம்போது வயசு. தூரம் கிட்டன்னு ஒண்ணு கீதுன்னு கண்டுபுடிக்க நான் பத்து வருசம் கப்பல்ல தொங்கினேன். அதுதான் ரமா. ரமாபாய். ஈ பிளாக்கு பூவம்மா பொண்ணு. வூட்ல ஆம்பள கெடையாது, தாயும் பொண்ணுந்தான். பூவம்மாக்கு மணலில ஒரு கம்பெனில பெருக்கித் தொடைக்கிற வேல. அது வேலைக்குப் போயிட்டா புள்ளக்கி இந்த மாடிப்படிதான் வூடு.

ஜாஸ்தி பேசாது. பேசினா கேள்விதான். கம்பெனி நாத்தம் வருதுல்ல மாமா, அதுக்கு இன்னா கலருன்னு கேக்கும். சாம்பலுன்னு சொன்னா, இல்ல, இன்னிக்கு நாத்தம் மஞ்சான்னு சொல்லும். அது போட்ட மஞ்சாவப் பாத்தா எனக்கு மூக்கு எரியும் மேடம். அப்டி ஒரு கை. என் கை அதுக்குப் பக்கத்துல நிக்காது.

கலரு எங்க கெடச்சிதா? ஹார்பர் தோஸ்துங்க மிச்சம் மீதி டப்பா குடுப்பானுங்க. செவப்பு பிரைமரு, சாம்பலு, வெள்ள. அத்த வெச்சிகினே ரெண்டு வருசம் ஓட்னோம். கருப்பு ஒண்டி நிக்கவே நிக்காது. எங்க பசங்களுக்கு அல்லாத்துக்கும் கருப்பு வேணும். ரோடு, ஒயரு, பொக, லாரிலேர்ந்து கொட்ற நிலக்கரி, தல முடி. நிலக்கரித் தூள சலிச்சி கோந்துல கொயச்சிக் கூட பாத்தோம். காஞ்சா உதுந்துடும்.

அப்பதான் அந்த மய. போன மார்கழிக்கு முந்தின மார்கழி. ஆறு பொங்கி உள்ள வந்திச்சி, தண்ணியோட எண்ணையும் வந்திச்சி. எவன் வுட்டதுன்னு கேட்டா அவனவன் அடுத்தவனக் கைய காட்டுறான். கீய் வூட்டு செவுத்துல அல்லாம் முட்டி ஒசரத்துக்கு கருப்புக் கோடு. போட்டுங்க, வல, கரைல கீற செடி, எல்லாம் தாரு பூசினாப்புல ஆயிடிச்சி. மீனு செத்து மெதக்குது. ஆம்பளைங்க பிளாஸ்டிக் மக்க எட்த்துகினு வெறுங்கையால மொண்டு மொண்டு டிரம்முல ஊத்தறாங்க. பொம்பளைங்க வாயிலயும் வயித்துலயும் அடிச்சிகினு நிக்கிதுங்க. நான் இன்னா பண்ணேன் தெரியுமா? ஒரு குச்சிய அதுல தொட்டு அட்டைல ஒரு கோடு இஸ்தேன். அந்த மாதிரி ஒரு கருப்ப நான் என் ஆயுசுல பாத்தது இல்ல மேடம். கனமா, ஈரமா, உள்ளாற வெளிச்சம் கீற மாதிரி. ரவ தின்னரு ஊத்துனா முடி கலரு. இன்னும் ரவ ஊத்துனா எங்க தோலு கலரு. ஊரே செத்துகினு கீது, நான் கருப்பு கெடச்சிதேன்னு சந்தோசப்பட்டேன்.

பசங்களே தானா அந்த எண்ணய எட்த்து வரைஞ்சாங்கன்னுதான் நீங்க படிச்சிருப்பீங்க. குயந்தைங்களோட கோவம்னு எய்தினாங்க. கோவமும் இல்ல ஒண்ணும் இல்ல. பெயிண்டர் மாமா மொண்டு குட்த்தான், புள்ளைங்க வரைஞ்சிதுங்க. அம்மாந்தான்.

கை தோலு உரிஞ்சிது அதுங்களுக்கு. ஜெரின்னு ஒரு பையன், ஒரு வாரம் கண்ணு தொறக்க முடியல. ஃபாத்திமான்னு இன்னொரு புள்ள, அதோட அம்மா வந்து இந்த எடத்துல நின்னு என்னக் கேட்டாங்க, ஒனக்குப் புள்ள குட்டி இருந்தா இந்த வேலயப் பண்ணுவியான்னு. சோப்பு போட்டுக் கயுவுனா போய்டும்மான்னு சொன்னேன். நிறுத்தல. ஏன்னா அதுக்குள்ள டவுன்லேர்ந்து ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. போட்டோ புடிக்கறாங்க, பேட்டி எடுக்கறாங்க. பொங்கலுக்கு அப்பால எக்சிபிசன் வெக்கலாம், இன்னும் பத்து படம் பெருசா வேணும் சாருன்னு ஒருத்தரு சொன்னாரு. சாருன்னாரு மேடம் என்ன. ஹார்பர்ல இருவத்திரெண்டு வருசமும் டேய்தான்.

அப்பால ரமா போச்சி.

ஞாயித்துக்கெயம காலைல. ஆத்துப் பாலத்துக்குக் கீய. அங்க மணலு எட்த்த பள்ளம் ஒண்ணு கீது. மேல எண்ண படிஞ்சி, தார் ரோடு மாதிரி தட்டையா கெடந்திச்சி. எங்க கர முடியுது, எங்க தண்ணி ஆரம்பிக்குதுன்னு பெரியவங்களுக்கே தெரியாது. பென்னின்னு மீன் புடிக்கிறவன் ஒருத்தன்தான் எறங்கித் தூக்கினு வந்தான். மூஞ்சி தெரியல மேடம். எந்தப் புள்ளன்னே தெரியல. பூவம்மா தேங்கா எண்ணய ஊத்தி ஊத்தி, முந்தானையால தொடச்சி, கண்ணு, மூக்கு, வாயின்னு ஒண்ணொண்ணா வெளிய கொண்டாந்திச்சி. அந்த அம்ம தயும்பு தெரிஞ்சப்போதான் கத்திச்சி.

மறுநாளு பேப்பர்ல வந்திச்சி. எண்ணைல மாட்டுன கூழக்கடாவத் தூக்கப் போயி உயிர வுட்ட சிறுமின்னு. நீங்க அத்தப் படிச்சிட்டுத்தான் வந்தீங்க, இல்ல? அல்லாரும் அப்டித்தான் வந்தாங்க. ஸ்கூல்ல போட்டோ மாட்டிக் கீறாங்க. வருசா வருசம் அது பேர்ல ஒரு பிரைஸு. பூவம்மா அந்தப் பேப்பரக் கத்திரிச்சி லேமினேசன் போட்டு டிபன் பைல வெச்சிகினு கீது. வேல செய்யற எடத்துல புதுசா யாராச்சும் வந்தா எட்த்துக் காட்டும். எம் பொண்ணும்மா, பறவையக் காப்பாத்தப் போச்சின்னு.

சாயங்காலம் வேலேர்ந்து வந்தா நேரா இங்கதான் வரும். அண்ணா, சாப்ட்டியான்னு கேக்கும். மீன் கொயம்பு வெச்சா எனக்கு ஒரு கிண்ணத்துல வரும். எம் பொண்ணுக்கு படம் போட கை குட்த்த ஆளு நீன்னு சொல்லும். அப்பால பறவையப் பத்திக் கேக்கும். எம்மாம் பெருசுண்ணா இருந்திச்சின்னு ஒரு நாளு. முட்டி ஒசரம்னு சொன்னேன். இன்னொரு நாளு, அடி பட்டிருந்திச்சான்னு. எடது ரெக்கன்னேன். ரமா அத்தப் பத்தி இன்னா சொல்லிச்சின்னு கேக்கும். கண்ணத் தொறக்க முடியாம கீது பாவம்னு சொல்லிச்சின்னேன். பேரு வெச்சிதான்னு கேட்டிச்சி ஒரு நாளு. பஞ்சுன்னு வெச்சிதுன்னேன். ஆமாண்ணா, அது எல்லாத்துக்கும் பேரு வெக்கும்னு சிரிச்சிது. புள்ள போனதுக்கு அப்பால பூவம்மா சிரிச்சி அன்னிக்குத்தான் பாத்தேன். போன மாசம் இன்னா சொல்லிச்சி தெரியுமா? கடைசில அந்தப் பறவையாச்சும் கூட இருந்திச்சில்லண்ணா, எம் பொண்ணு தனியா போவலல்லன்னு.

செவுத்துல படம் வரப்போவுதுன்னு ஈ பிளாக்கு முயுக்க சொல்லி வெச்சிக் கீது. பஞ்சுவ வெள்ளையா போடுவியா, சாம்பலா போடுவியான்னு நேத்துக் கூட கேட்டிச்சி.

இன்னா அப்டிப் பாக்கறீங்க? புரிஞ்சி போச்சா?

பறவ கெடையாது மேடம். ஆத்துல கூழக்கடாங்க எண்ணையோட கெடந்தது நெசம், டிவில காட்னான். ரமா ஒண்ணையும் தூக்கப் போவல. அன்னிக்கு கிளாஸ் நடந்துகினு இருந்திச்சி. புள்ள ஒரு பெரிய பிளைவுட்டுல அவங்க அம்மாவ வரைஞ்சிகினு இருந்திச்சி. தலக்கு ஊத்திகினு மொட்ட மாடில முடி காய வெக்கற மாதிரி. எக்சிபிசன்ல அத்தத்தான் நடுவுல மாட்டணும்னு நான் முடிவு பண்ணிட்டேன். முடி போட்டுகினு இருக்கறப்போ கருப்பு தீந்து போச்சி. மாமா, எங்கம்மாக்கு பாதி முடிதான் கீதுன்னு வந்து நின்னிச்சி. நான் வேற ஒரு புள்ளக்கி கை புட்ச்சி கோடு போட்டுகினு இருந்தேன். தலயத் தூக்கல. பாலத்தாண்ட இன்னும் கெடக்குது, பாட்டில எட்த்துகினு போயி மொண்டுகினு சீக்கிரம் வான்னு சொன்னேன். போறப்போ அது மூஞ்சியக் கூட நான் பாக்கல. இடுப்பு நல்லா இருந்தா நானே போயிருப்பேன்னு தெனம் எனக்கு நானே சொல்லிக்கறேன். அதுவும் பொய்யிதான். கோலு ஊணிகினு மணலி வரிக்கும் போறவனுக்கு பாலம் ஒரு தூரமா?

மத்த புள்ளைங்களா? தாந்தாங் கைல இருந்த படத்தப் பாத்துகினு இருந்திச்சிங்க. ஒண்ணு ரெண்டு காதுல வுயுந்திருக்கும். அதுங்க என்னப் பாத்தா நான் வேற பக்கம் திரும்பிக்கறேன்.

பென்னி கொண்டாந்து கெடத்துனப்போ பூவம்மா என் சட்டையப் புட்ச்சிகினு கேட்டிச்சி, எம் பொண்ணு ஆத்துப் பக்கமே போவாதேண்ணா, ஏன் போச்சி, ஏன் போச்சின்னு. நூறு பேரு சுத்தி நிக்கிறாங்க. எவனோ கேமராவத் தூக்கிப் புடிச்சிகினு கீறான். என் வாய்லேர்ந்து வந்திச்சி மேடம். ஒரு பறவ மாட்டிகினு கீதுன்னு நேத்து சொல்லிச்சின்னு. யோசிச்சிச் சொன்னது இல்ல. போலீசும் அத்தத்தான் எய்திகினாங்க, பேப்பரும் அத்தத்தான் போட்டான். வெளிய போனத அப்பால எப்டி உள்ள இஸ்துக்கறது? பதினாலு மாசமாவுது. பூவம்மா கேக்கக் கேக்க நானும் ரவ ரவயா ரெக்க வெச்சி, கண்ணு வெச்சி, பேரு வெச்சி, ஒரு பறவையவே பண்ணி அது கைல குட்த்து வெச்சிக் கீறேன். இப்ப நீங்க அத்த செவுத்துல வேற போடச் சொல்றீங்க.

இல்ல, நீங்க எனக்கு சமாதானம் சொல்ல வாணாம். தெரியாம நடந்திச்சின்னு சொல்லாதீங்க. அத்த சொல்லிக்க எனக்கு நானே போதும். ஒங்களுக்கு நேத்து போன் பண்ணது செவுத்துக்காவ இல்ல. தெனம் சாயங்காலம் அது வந்து நிக்கறப்போ, இன்னிக்கு சொல்லிடணும்னுதான் வாயத் தொறப்பேன். பஞ்சுவப் பத்திதான் வரும். தனியா இருந்தா சொல்ல மாட்டேன் மேடம், என்னப் பத்தி எனக்குத் தெரியும். இப்ப ஒங்களாண்ட சொல்லிட்டேன், ஒங்களுக்கும் தெரிஞ்சி போச்சி. இனிமே நான் பின்ன போவ முடியாது.

தோ, கம்பெனி வேனு நிக்கிது. நீல சேல கட்டிகினு எறங்குது பாருங்க, அதுதான். எந்திரிக்காதீங்க. நீங்க ஒண்ணும் பேச வாணாம். அது என்ன அடிச்சாலும் தடுக்காதீங்க. ஒங்கள இம்மாந் நேரம் குந்த வெச்சது அதுக்குத்தான், சும்மா குந்திகினு இருங்க, போதும்.

வா பூவம்மா. இந்த மேடந்தான். பையக் கீய வெச்சிட்டு இப்டி குந்து. இல்லம்மா, செவுத்தப் பத்தி இல்ல. நீ குந்து மொதல்ல.